மழை நாளில் மட்டும் பிடிவாதம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்துவிட்டு வானொலியைப் போட்டிருப்பீர்கள். அடுப்படிச் சத்தத்துக்கு நடுவிலும் விளங்குகிற மாதிரிப் பேசப் பார்க்கிறேன்.

தனி உதவி தேவைப்படுகிற சின்னப் பிள்ளைகளுக்கான விசேட கல்வி ஆசிரியராக வருவதற்கு என்ன பயிற்சி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே படிப்பது, எத்தனை வருடம் என்பதையெல்லாம் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு கொப்பியின் கதை.

என் அம்மா பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தவர். இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு போட்டிருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் என் வாயில் வருவது பிள்ளைக்காம்பராதான். மலைக்குப் போகிற தாய்மார் விடியவே பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து விடுவார்கள். எந்தப் பிள்ளைக்குத் தலை நின்றுவிட்டது, எது இன்னும் குப்புற விழவில்லை, எது முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்று அம்மாவிடம் ஒரு கணக்கு இருந்தது. எழுத்தில் இல்லை, மனதில். அந்தக் கணக்கை எழுத்தில் கொண்டுவரப் பழகியதுதான் நான் படித்த படிப்பில் பாதி.

பயிற்சியின் முதல் மாதத்தில் ஒரு தோட்டத்து முன்பள்ளிக்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு பிள்ளையை 20 நிமிடம், வாய் திறக்காமல், ஓரமாக உட்கார்ந்து பார்த்து ஒரு கொப்பியில் எழுத வேண்டும். நான்கு வயதுப் பையன் ஒருவன் கிடைத்தான். தம்பி என்றே சொல்கிறேன். நான் எழுதியது இவ்வளவுதான்: "சொன்னால் கேட்பதில்லை. பிடிவாதம் கூட. சில நாட்களில் பரவாயில்லை." பெரிய வேலை செய்த நினைப்பில் கொடுத்தேன். எங்களுக்குப் பயிற்சி தந்த மிஸ் எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டு, "பிடிவாதம் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, நீங்கள் பார்ப்பதற்கு?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. "சில நாட்களில்" என்ற சொல்லை மட்டும் அவர் வெட்டவில்லை. கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

சரி என்று மறுபடி போய் உட்கார்ந்தேன். இந்த முறை நினைத்ததை எழுதவில்லை, பார்த்ததை மட்டும் எழுதினேன். டீச்சர் கதவடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தம்பி நிமிர்ந்தான். ஆனால் கதவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். அங்கே யாருமில்லை. மறுபடி குனிந்து கட்டைகளை அடுக்கினான். டீச்சர் அவனுடைய வலது பக்கம் வந்து சொன்னதும் உடனே எழுந்து போனான். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. நம் ஊர் மழைக்குத் தகரக் கூரை எப்படி அலறும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு ஆறு முறை கூப்பிட்டார்கள், ஒரு முறைகூட அவன் நிமிரவில்லை. "பார்த்தீங்களா மிஸ், வேணுமென்றே செய்கிறான்" என்றார் டீச்சர்.

வானம் வெளுத்திருந்த நாட்களில்தான் அவன் "பரவாயில்லை". மழை நாளில் மட்டும் பிடிவாதம். அப்படி ஒரு பிடிவாதம் உண்டா?

ஒரு காது மட்டும் சரியாகக் கேட்காத பிள்ளைக்குச் சத்தம் கேட்கும், ஆனால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுப்பதும் கஷ்டம். இது எனக்கு அப்போது தெரியாது. கொப்பியைப் பார்த்த மிஸ்தான் சொன்னார். பணிய லயத்தில், அதாவது கீழேயுள்ள தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த தாயிடம் பேசினோம். கைக்குழந்தையிலிருந்தே இடது காது ஒழுகுமாம். சுடவைத்த தேங்காயெண்ணெய் விட்டுப் பஞ்சு அடைத்துவிடுவாராம். இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அம்மாமாரே: ஒழுகுகிற காதுக்கு எண்ணெய் விடாதீர்கள். கிளினிக்குக் கொண்டுபோங்கள். திரும்பவும் சொல்கிறேன், எண்ணெய் வேண்டாம்.

நோய்க்குப் பெயர் வைப்பது ஆசிரியரின் வேலை இல்லை. மிட்வைஃப் மிஸ் மூலமாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே நாள் கிடைக்கவே பல மாதம் ஆனது, அது வேறு கதை. அதுவரைக்கும் சும்மா இருந்தோமா? இல்லை. அவனுடைய பாயை மாற்றிப் போட்டோம், வலது காது டீச்சர் பக்கம் வருகிற மாதிரி. மழை வந்தால் தூரத்தில் நின்று கத்தாமல், கிட்டப் போய், முகத்துக்கு நேராகப் பேசச் சொன்னோம். ஐந்து சதம் செலவில்லை.

1912ஆம் ஆண்டிலேயே கொழும்புக்குக் கிட்ட இரத்மலானையில் காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கிவிட்டார்கள். பெரிய சேவை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையை நம் மலையிலிருந்து அங்கே அனுப்பிவிட்டு எந்தத் தாய் தூங்குவாள்? அந்த வயதுக்கு உதவி லயத்தடிக்கே வர வேண்டும். அதனால்தான் முன்பள்ளி டீச்சர்மாருக்கு இந்தப் பயிற்சி வேண்டும் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் மாணவிகள் கேட்டுக் கேட்டுச் சலித்த இன்னொரு விஷயமும் உண்டு. முன்பள்ளியை நாம் மொண்டிசோரி என்கிறோம். அந்த மரியா மொண்டிசோரி அம்மையார் ஒரு டாக்டர். 1907இல் ரோம் நகரத்தில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தன் முதல் பள்ளியைத் திறப்பதற்கு முன்பே, "இதுகளுக்குப் படிப்பு ஏறாது" என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்தவர். அங்கே பழகிய முறைகளைத்தான் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொண்டுவந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். அவர் பெயரைப் போர்டில் எழுதி வைத்துக்கொண்டு, "இப்படிப்பட்ட பிள்ளையைச் சேர்க்க முடியாது" என்று திருப்பி அனுப்புகிற இடங்களைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சரி, விடுவோம்.

கையைக் காட்டுகிறார்கள், நேரம் போய்விட்டதாம். பயிற்சியில் பழகிய இன்னொன்று, பிள்ளைக்கு ஸ்வெட்டர் போடப் பழக்குவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்க வேண்டும். தலையையும் கைகளையும் நீங்களே மாட்டிவிட்டு, வயிற்றடியில் கீழே இழுப்பதை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். "நானே போட்டேன்" என்று அது சிரிக்கும். அது பழகியதும் ஒரு கையை அதற்கு விடுங்கள். பிறகு அடுத்த கை, கடைசியாகத் தலை.

எங்கே படிப்பது? தேசிய கல்வியியற் கல்லூரிகளில் மூன்று வருடம்: இரண்டு வருடம் கல்லூரியில், ஒரு வருடம் பாடசாலையில். நமக்குக் கிட்ட பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தில் விசேட தேவைக் கல்விக்கென்று ஒரு துறையே உண்டு. எந்தப் பாடநெறி தமிழில் நடக்கிறது என்று விண்ணப்பத்துக்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சத்தை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன்.

தம்பியை மறந்துவிட்டேனே. ஆஸ்பத்திரியிலும் இடது காது என்றுதான் சொன்னார்கள். இப்போது அவன் ஹட்டன் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறான். போன மாதம் ஏறினேன். வலது பக்கமாகச் சாய்ந்து, "எங்கே போகணும் மிஸ்?" என்று கேட்டான். வணக்கம்.