ரீகன் விட்டுச்சென்றது

பெரியோர்களே, நண்பர்களே,

1980களில் அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்டு ரீகனைப் பற்றிப் பேச எழுவோர் பெரும்பாலும் வரிக்குறைப்பிலிருந்தே தொடங்குவார்கள். 70 விழுக்காடாக இருந்த உச்ச வருமானவரியை அவர் 28 விழுக்காடு வரை இறக்கினார். 1993இல் அது மீண்டும் 39.6 விழுக்காடாக ஏறியது. அந்த வரிக்குறைப்பைவிட ஆழமாக வேரூன்றியது, 1981 ஆகஸ்டு முதல் வாரத்தில் அவர் எடுத்த முடிவு என்பது என் கருத்து.

ஆகஸ்டு 3 அன்று, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் சங்கமான பாட்கோவைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 பேர், ஊதிய உயர்வும் வாரத்திற்கு 32 மணி நேர வேலையும் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முந்தைய ஆண்டுத் தேர்தலில் ரீகனை ஆதரித்த சங்கம் அது. அவரும் தொழிற்சங்கம் அறியாதவர் அல்லர். 1960இல் திரைப்பட நடிகர் சங்கத் தலைவராக வேலைநிறுத்தத்தை நடத்தியவர். ஆயினும், பாட்கோ வேலைநிறுத்தம் தொடங்கிய அன்றே ரீகன் வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் நின்று, வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று கட்டுப்பாட்டாளர்கள் ஏற்றிருந்த உறுதிமொழியை வாசித்துக் காட்டி, 48 மணி நேரக் கெடு விதித்தார். கெடு கடந்ததும் 11,345 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தப் பணிக்குத் திரும்பவும் தடை விதிக்கப்பட்டது. மேற்பார்வையாளர்களையும் படைத்துறைக் கட்டுப்பாட்டாளர்களையும் கொண்டு விமானங்கள் தொடர்ந்து இயக்கப்பட்டன.

மத்திய அரசு ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைச் சட்டம் தடுத்திருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், பின்னாளில் சோவியத் தலைவர் கோர்பசேவுடன் பலமுறை அமர்ந்து பேசி, 1987இல் அணு ஏவுகணை ஒழிப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்ட தலைவர், தம் நாட்டு ஊழியர்களிடம் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை என்பதே என் வருத்தம்.

தனியார் நிறுவனங்கள் இதைக் கூர்ந்து கவனித்தன. வேலைநிறுத்தம் செய்வோரின் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆட்களை அமர்த்த 1938ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இடம் தந்திருந்தாலும், அதுவரை பெரிய நிறுவனங்கள் அதற்குத் தயங்கியே வந்தன. 1983இல் அரிசோனாவின் தாமிரச் சுரங்கங்களில் பெல்ப்ஸ் டாட்ஜ் நிறுவனம் அதைத் தயக்கமின்றிச் செய்தது. 1970களில் ஆயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற வேலைநிறுத்தங்கள் ஆண்டுதோறும் 200ஐத் தாண்டின. 1988இல் அவை 40. ஆலை மூடல்களும் வெளிநாட்டுப் போட்டியும் இதற்குக் காரணங்களே என்றாலும், பாட்கோவின் கதியைக் கண்ட அச்சத்தை ஒதுக்கிவிட இயலாது.

மறுபணியமர்த்தத் தடையை 1993 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் நீக்கினார். நீக்கப்பட்டவர்களில் மிகச் சிலருக்கே பழைய வேலை திரும்பக் கிடைத்தது.