பாடம் விடுதியில், வாதம் வகுப்பில்

நேயர்களுக்கு வணக்கம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துவரும் நான், அதில் பெரும்பகுதியைக் கரும்பலகை முன் நின்று பேசியே கழித்தவன். ஆகவே ‘தலைகீழ் வகுப்பறை’ பற்றிய இந்த உரையில் என்மீதே எனக்குள்ள விமரிசனமும் கொஞ்சம் கலந்திருக்கும்.

மாணவர்கள் பாடத்தை முன்கூட்டியே காணொளியிலோ நூலிலோ படித்துவிட்டு வர, வகுப்பு நேரத்தைக் கணக்குப் போடவும் விவாதிக்கவும் ஐயம் தீர்க்கவும் செலவிடுவதே இம்முறை. அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்ற இரு பள்ளி வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர இயலாதவர்களுக்காக 2007-இல் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கிய பிறகே இது பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் பல்கலைக்கழகத்தில் இந்த எண்ணம் அதற்கு முன்பே முளைத்துவிட்டது.

ஹார்வர்டில் 1984 முதல் இயற்பியல் கற்பித்துவந்த எரிக் மசூர், மாணவர்கள் மெச்சிய ஆசிரியர். நியூட்டன் விதிகளை அன்றாடச் சூழல்களில் வைத்துச் சோதிக்கும் எளிய வினாத்தாள் ஒன்றை அவர் 1990-இல் வகுப்பில் கொடுத்தபோது, ‘நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?’ என்று ஒரு மாணவர் கேட்டாராம். கடினமான கணக்குகளைப் போடத் தெரிந்தவர்கள் இந்த எளிய கேள்விகளில் சறுக்கியதைக் கண்ட மசூர், படித்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பில் கேள்வி கேட்டு, பக்கத்து மாணவரோடு வாதிடவைத்து, மறுபடியும் விடை கேட்கும் முறைக்கு மாறினார்.

நானும் அதைச் செய்து பார்த்தேன். சரக்கு லாரியும் மொபெட்டும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மீது அதிக விசையைச் செலுத்தும்? ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை வரிபிசகாமல் ஒப்பிக்கக்கூடிய வகுப்பில், முக்கால்வாசிக் கைகள் லாரிக்கே உயர்ந்தன. ஐந்து நிமிடம் ஒரே இரைச்சல். அதன் நடுவே கடைசி வரிசை மாணவி ஒருத்தி, ‘விசை சமம்தான், மொபெட்டுக்கு நிறை குறைவு, அதனால்தான் அது தூக்கியெறியப்படுகிறது’ என்று தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது. அதே விளக்கத்தை நான் பல ஆண்டுகள் பலகையில் எழுதியிருக்கிறேன், இப்படி ஒட்டியதில்லை.

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த ஒரு கட்டுரை, வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் சுமார் 34 விழுக்காடாகவும், மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் சுமார் 22 விழுக்காடாகவும் இருந்ததாகக் காட்டியது. அவை அனைத்தும் தலைகீழ் வகுப்புகள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது 2019-இல் ஹார்வர்டிலிருந்து வந்த ஆய்வு: பங்கேற்று உழைத்த மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள்; ஆனால் தாங்கள் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். நல்ல விரிவுரை தெளிவாக ஓடுவதால், கேட்பவருக்கு எல்லாம் புரிந்துவிட்டதுபோல் தோன்றிவிடுகிறது. ‘சார் பாடமே நடத்துவதில்லை’ என்று என்மீது முதல்வரிடம் புகார் போனதன் காரணம் இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

புகாரில் நியாயமும் இருந்தது. நாற்பது நிமிட ஆங்கிலக் காணொளியை, மாலையில் பகுதிநேர வேலைக்குப் போய்விட்டு இரவில் விடுதியில் கைபேசியில் பார் என்று சொல்வது, ஆசிரியரின் வேலையை மாணவர் தலையில் கட்டுவதாகும். அதை எட்டு நிமிடமாகச் சுருக்கி, தமிழில் பேசி, கூடவே இரண்டு பக்கக் குறிப்பும் கொடுத்த பிறகே பாதிப் பேராவது பார்த்துவிட்டு வந்தார்கள். குவாண்டம் இயற்பியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை ஹைட்ரஜன் அணுவுக்குத் தீர்க்கும் வாரத்தில் நான் மறுபடியும் சாக்பீஸைத்தான் எடுக்கிறேன். அந்த நீண்ட கணக்கில் எங்கே நிற்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை, ஒருவர் போட்டுக்காட்ட உடனிருந்து பார்த்தே கற்க முடியும்.

லாரிக் கேள்வியை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். முதல் சுற்றில் லாரிதான் இன்னமும் வென்றுகொண்டிருக்கிறது.