வரிசையின் கடைசியில் நிற்பவர்

நேயர்களுக்கு வணக்கம்.

காமிக்ஸை நாம் தனியாகத்தான் படிக்கிறோம். சினிமா மாதிரி நூறு பேரோடு இருட்டில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அதை வரைகிறவரும் தனியாள்தான். ஒரே ஒரு பக்கத்தைப் பென்சிலில் போட்டு, மை தீட்டி முடிக்க ஒரு நாள் முழுக்கப் போய்விடும். சில பக்கங்களுக்கு அதுவும் போதாது. அந்தப் பக்கத்தை நாம் அரை நிமிடத்தில் திருப்பிவிடுவோம். அவர் யாருக்காக வரைந்தாரோ அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. நாமும் அவரைப் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்க ஆண்டில் ஓரிரு நாள் வாய்க்கிறது. அதைத்தான் காமிக்ஸ் மாநாடு என்கிறோம், செல்லமாகக் காமிக் கான்.

பல ஆண்டுகள் வாசகனாகப் போய் வந்தேன். அப்புறம் அதை நடத்துகிற தன்னார்வலர்களோடு சேர்ந்துகொண்டேன். இன்று பேசப்போவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையைப் பற்றி.

இந்த மாநாடுகளை ஆரம்பித்தவர்களே வாசகர்கள்தான். 1964-இல் நியூயார்க்கில் காமிக்ஸ் ரசிகர்கள் சிலர், பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகள், ஓர் அறையில் ஒரு நாள் கூடினார்கள். 1970 மார்ச்சில் சான் டியாகோவில் ஷெல் டார்ஃப் என்ற ரசிகரும் சில இளைஞர்களும் சேர்ந்து ஒரு ஹோட்டலில் ஒரு நாள் கூட்டம் போட்டார்கள். வந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அதே ஆண்டு ஆகஸ்டில் மூன்று நாள் நடத்தியபோது சுமார் 300 பேர். இன்று அதே மாநாட்டுக்கு 1,30,000 பேருக்கு மேல் வருகிறார்கள். அங்கே 6,000 பேருக்கு மேல் உட்காரும் ஓர் அரங்குக்குள் நுழைய முந்தின நாள் இரவே வரிசையில் படுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஜப்பானில் 1975 டிசம்பரில் காமிகெட் என்ற காமிக்ஸ் சந்தை தொடங்கியபோது, சொந்தமாக இதழ் போட்டு விற்க மேசை போட்டவை 32 குழுக்கள், வந்தவர்கள் 700 பேர் அளவில். அதுவும் இன்று லட்சங்களில் போய் நிற்கிறது. காமிகெட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவர், வாங்குகிறவர், வேலை செய்கிறவர் எல்லோருக்கும் அங்கே ஒரே பெயர்: பங்கேற்பாளர். வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது.

சரி, என் முதல் ஆண்டுக்கு வருகிறேன். கையெழுத்து வரிசையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு மூத்த ஓவியருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். அறிவித்த நேரத்துக்கு முன்பே வரிசை நீண்டு, சுவர் ஓரமாக வளைந்து, கதவைத் தாண்டிவிட்டது. நாங்கள் யாரும் எண்ணவில்லை. வந்தவர்களை எல்லாம் சிரித்த முகத்தோடு வரிசையில் நிற்க வைத்தோம். மணி முடிந்தது. அடுத்து மேடை உரையாடலுக்கு அவர் போயே ஆக வேண்டும். மேசைக்கு மூன்றாவது ஆளாக ஒரு பையன் நின்றான், பன்னிரண்டு வயது இருக்கும். முதுகில் ஒட்டுத்தாள் போட்ட பழைய இதழ் ஒன்று கையில். இரண்டு மணி நேரமாக நிற்கிறான். "முடிந்துவிட்டது தம்பி" என்று சொன்னது நான்தான். அவன் ஒன்றும் பேசவில்லை. இதழை மறுபடி உறைக்குள் போட்டான். ஓரம் மடங்காமல், மிக மெதுவாக.

அது கூட்டத்தின் தவறு அல்ல. எண்ணாமல் விட்ட எங்கள் தவறு. அன்றிலிருந்து நான் வரிசைகளைக் கணக்காகப் பார்க்கிறேன். ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் 40 பேர். கையெழுத்தோடு ஒரு சின்னப் படமும் வரைந்து தருவார் என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம், 12 பேர்தான். ஆனால் 40 டோக்கனையும் கொடுத்துவிடக் கூடாது, 35 கொடுக்க வேண்டும். ஏனென்றால் ஒருவர் சக்கர நாற்காலியில் வருவார். ஒரு குழந்தை மேசைக்கு முன்னால் வந்ததும் வாயடைத்து நின்றுவிடும். ஓவியரும் நடுவில் விரலை நீட்டி மடக்க வேண்டும். அந்த ஐந்து டோக்கன் நேரம் இவர்களுக்கானது. 36-ஆவது ஆள் வந்த அந்த நொடியிலேயே, "இன்று இடமில்லை, நாளை காலை இத்தனை மணிக்கு வாருங்கள்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். முதலில் சொன்னால் வருத்தம்; இரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டுச் சொன்னால் அது காயம்.

காமிகெட்டிலிருந்து எடுத்துக்கொண்ட இன்னொரு முறையும் உண்டு. வரிசையின் கடைசியில் நிற்பவர் கையில் "கடைசி இங்கே" என்ற பலகை இருக்கும். புதிதாக வருகிறவர் அதை வாங்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நிற்பார். அடுத்து வருகிறவர் இவரிடமிருந்து வாங்குவார். தன்னார்வலர் ஒருவர் அங்கே நின்று கத்த வேண்டியதில்லை. முன்பின் தெரியாத இருவர் பலகையைக் கை மாற்றும்போது, "நீங்கள் எந்த இதழ் கொண்டு வந்திருக்கிறீர்கள்?" என்று பேச்சு தொடங்கிவிடும். வரிசையில் பழகி, இன்றுவரை இதழ்களை மாற்றிப் படித்துக்கொள்கிற நண்பர்களை எனக்குத் தெரியும்.

மாநாட்டில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் பெரிய மேடை அல்ல, ஓவியர்களின் மேசைகள் இருக்கும் பகுதி. அங்கே அச்சுக்குப் போன அசல் பக்கங்களை விரித்து வைத்திருப்பார்கள். அமெரிக்க காமிக்ஸ் இதழ்களுக்கு வரையும் தாள் பொதுவாக 11-க்கு 17 அங்குலம். நம் கைக்கு வரும் இதழைவிட நன்றாகவே பெரியது. குனிந்து பாருங்கள். மைக்கு அடியில் வெளிர்நீலப் பென்சில் கோடு தெரியும். பழைய அச்சு முறையில் கேமராவுக்கு அந்த நீலம் தெரியாது, அதனால் அழிக்காமலே விட்டுவிடுவார்கள். அங்கங்கே வெள்ளை பூசித் திருத்தியிருப்பார்கள். ஒரு முறை பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி அந்த வெள்ளைத் திட்டைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டாள். "அந்தக் கையை மூன்று தடவை தப்பாக வரைந்தேன்" என்றார் ஓவியர். அவள் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சான இதழ் அந்த மூன்று தடவையையும் காட்டாது.

மேசைக்குப் போனால் "நான் உங்கள் ரசிகன்" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பக்கம், எந்தக் கட்டம் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று சொல்லுங்கள். படம் வரைந்து தரக் கேட்பதாக இருந்தால் கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. கையெழுத்து வாங்கியதும் மூடிவிட வேண்டாம். பளபளப்பான அட்டையில் மை காய நேரம் எடுக்கும்.

அந்த ஓவியர்களில் பலர் தனியாக வந்தவர்கள். காலையிலிருந்து மாலை வரை மேசையை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் பொருளுக்கும் பணத்துக்கும் காவல் இல்லை. சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் மணிக்கொரு தரம் ஒரு தன்னார்வலர் மேசை மேசையாகப் போய், "பதினைந்து நிமிடம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று சொல்வார். அரங்கில் நாங்கள் செய்கிற வேலைகளில் மிக உயர்ந்தது இதுதான் என்பது என் கருத்து.

காமிக்ஸ் பாத்திரங்களைப் போல வேடமிட்டு வருகிறவர்களுக்கு ஒரு மூலையில் ஊசி, நூல், ஊக்கு, பசைத் துப்பாக்கி எல்லாம் வைத்து ஒரு மேசை போட்டுவிடுவோம். மாதக்கணக்கில் தைத்த இறக்கை நுழைவாசலில் இடித்து உடைந்தால் அந்த மேசைதான் கைகொடுக்கும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, கேட்காமல் தொடக் கூடாது. இதைப் பலகையில் எழுதி வைத்தால் மட்டும் போதாது, ஆள் நின்று பார்க்க வேண்டும். படம் எடுக்க நடைபாதையில் நின்றால் பின்னால் வருகிற எல்லோரும் நின்றுவிடுவார்கள். அவசர வழியும் அடைபடும். அதற்கென்று ஓர் இடத்தைத் தரையில் கோடு போட்டு ஒதுக்க வேண்டும். சத்தமும் நெரிசலும் தாங்காதவர்களுக்கு விளக்கைக் குறைத்து ஓர் அமைதி அறையும் வேண்டும்.

அப்புறம் பெட்டிகள். பழைய இதழ்கள் அடுக்கிய ஒரு நீளப்பெட்டி 20 கிலோ அளவுக்குக் கனக்கும். முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

மாலையில் கதவு மூடிய பிறகு நாங்கள் ஒரு குறிப்பேட்டை எடுப்போம். தன்னார்வலர் ஒவ்வொருவரும் அடுத்த முறை மாற்ற வேண்டிய ஒன்றை எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். "கையெழுத்து மேசையைக் கதவருகே போடக் கூடாது." "டோக்கன் எண் பெரிதாக இருக்கட்டும்." போன முறை புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுதியது: "மூன்றாவது மேசை ஓவியர் நாள் முழுக்க முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்காலி அவருக்குத் தாழ்வு." இந்த முறை அரங்கு திறப்பதற்கு முன்னால் நான் செய்யப்போகும் முதல் வேலை அந்த நாற்காலியில் இரண்டு மெத்தை போடுவது.

வணக்கம்.