டிசம்பர் 31-இல் முடியாத ஆண்டு

நேயர்களுக்கு வணக்கம். டிசம்பர் வந்துவிட்டால் போதும், "இந்த ஆண்டின் சிறந்த பத்து" வந்துவிடும். பத்துப் படம், பத்துப் புத்தகம், பத்துப் பாட்டு. நானும் பல வருஷமாக இப்படி ஒரு பட்டியல் போட்டு நண்பர்களுக்கு அனுப்புகிறவள்தான். ஆனால் டிசம்பரில் அனுப்புவதில்லை. தை பிறந்த பிறகுதான்.

சென்னையில் இருந்துகொண்டு டிசம்பர் 31-ஆம் தேதி கணக்கை முடிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். மார்கழி பிறப்பதே டிசம்பர் நடுவில். கர்நாடக இசைக் கச்சேரி சீசன் ஜனவரியிலும் தொடரும். இத்தனைக்கும் இந்த சீசன் டிசம்பரில் வந்து உட்கார்ந்தது அரசியலால். 1927 டிசம்பரில் இங்கே காங்கிரஸ் மாநாடு கூடியது, அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது, அதிலிருந்து 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. சரி, சீசன் ஓய்வதற்குள் புத்தகக் காட்சி வந்துவிடும். பதிப்பாளர்கள் புதுப் புத்தகங்களை அதற்காகவே அவசர அவசரமாக அச்சடித்துக்கொண்டிருப்பார்கள். டிசம்பரிலேயே "சிறந்த நாவல்" என்று எழுதினால், போட்டியில் இருக்க வேண்டிய பல நாவல்கள் இன்னும் பைண்டிங்கில் கிடக்கும்.

இன்னொன்று, ஞாபகம். விருது வாங்கும் என்று நம்புகிற படங்களை ஹாலிவுட்காரர்கள் பெரும்பாலும் வருஷக் கடைசியில்தான் வெளியிடுவார்கள். ஓட்டுப் போடுகிறவர் மனதில் பச்சையாக இருக்க வேண்டுமே! நம் மனசும் அப்படித்தான். பிப்ரவரியில் பார்த்த நல்ல படம் டிசம்பரில் நினைவுக்கு வராது. அதனால் பார்த்த அன்று ராத்திரியே எழுதிவிட வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், அன்று ராத்திரியே.

இந்த விஷயத்தில் எனக்குக் குரு ஒரு பெரியவர். மயிலாப்பூர் சபாக்களில் பக்கத்து நாற்காலியில் அடிக்கடி பார்ப்பேன். பெயர் சொல்லவில்லை, இதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் இருப்பார். மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிச் சபை கேன்டீனுக்குக் கிளம்புமே, இவர் மட்டும் அசைய மாட்டார். முன்னாலேயே சாப்பிட்டாயிற்று. அந்த கேன்டீன் பில்லின் பின்பக்கம்தான் அவருக்குக் குறிப்பேடு. ராகம், தாளம், பக்கவாத்தியம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். கீழே ஒரு வரி: "ஆறாவது வரிசை. தலைக்கு மேல் ஏசி. வயலின் சரியாகக் கேட்கவில்லை." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா சிரிக்கிறே? ஏசி போட்ட சத்தத்துக்கு, வயலின் சுமார்னு நான் எழுதலாமா?"

ஒருநாள் ராகத்தின் பெயரை "தர்பார்" என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். தர்பாருக்கும் நாயகி ராகத்துக்கும் கொஞ்சம் அசந்தால் குழப்பம்தான், கேட்கிறவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த கச்சேரிக்கு அதே பில்லோடு வந்தார். கேள்விக்குறியை அடித்து "நாயகி" என்று திருத்தியிருந்தார். அவருடைய பில்களை வைத்து யாராவது ஒரு பட்டியல் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

அவரிடம் கற்றது இதுதான்: "நன்றாக இருந்தது" என்று மட்டும் எழுதி வைத்தால் பத்து மாதம் கழித்து அது எதற்கும் உதவாது. எந்த இடம் நன்றாக இருந்தது, நாம் எப்படி உட்கார்ந்து கேட்டோம், அதை எழுத வேண்டும்.

பட்டியல் என்றால் சிலருக்கு இளக்காரம். இலக்கிய விமர்சகர் க.நா.சு.வையே பட்டியல் போடுகிறவர் என்று கேலி செய்தார்கள். ஆனால் அவர் போட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நூலகம் நூலகமாகத் தேடிப் படித்தவர்கள் உண்டு. கேலி செய்தவர்களும் படித்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்றிலிருந்து பத்து வரை எண் போடலாமா என்பதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். சங்கப் பாட்டுகளைத் தொகுத்தவர்கள் 4 முதல் 8 அடி என்றால் குறுந்தொகை, 9 முதல் 12 என்றால் நற்றிணை, 13 முதல் 31 என்றால் அகநானூறு என்று, பெரும்பாலும் அடியை எண்ணித்தான் பிரித்தார்கள். எது முதல் பரிசு என்று சொல்லவில்லை. நான் தேதி வாரியாக எழுதுகிறேன். இந்த வருஷப் பட்டியலில் என்னென்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், அதற்கு நேரமில்லை. எப்படியும் தை பிறக்கவில்லையே. வணக்கம்.