சூரன் தலையும் கதவிடுக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளையிடம் 'பூச்சாண்டி வர்றான் பார்' என்கிறோம். பிள்ளை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அப்புறம்? மெதுவாகத் தலையைத் தூக்கி வாசல் பக்கம் எட்டிப் பார்க்கும். பயமென்றால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதானே, ஏன் பார்க்க வேண்டும்?

எனக்கு இந்தக் கேள்வி எட்டு வயதில் வந்தது. எங்கள் ஊர் முருகன் கோயிலில் வாகன மண்டபத்தை ஒட்டி ஓர் இருட்டறை. சூரசம்ஹாரத்துக்கான தலைகள் அதில்தான் இருக்கும். யானைமுகம், சிங்கமுகம், பெரிய மீசையோடு சூரபத்மன் முகம். ஆண்டு முழுவதும் பழைய வேட்டி போட்டு மூடியிருப்பார்கள். கதவில் ஓர் இடுக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் நாலைந்து பேர் முறைவைத்து அதில் கண்ணை வைப்போம். வேட்டி விலகிய இடத்தில் ஒரு கோரைப்பல் தெரியும். ஒரே ஒரு பல். அதற்கே எடுப்போம் ஓட்டம். மறுநாள் மறுபடியும் போய் நிற்போம்.

ஓர் ஐப்பசியில், சஷ்டிக்கு முன்னால், வர்ணம் பூசுவதற்காகத் தலைகளை வெளியே எடுத்தார்கள். 'தொட்டுப் பாருடா' என்றார் ஒரு பெரியவர். தொட்டேன். மரம். கழுத்து வழியாகக் கையை விட்டேன். உள்ளே வெறும் கூடு, விரலில் ஒட்டடை. இவ்வளவுதானா என்றிருந்தது. ஆனால் சம்ஹாரத்தன்று சாயங்காலம், மேளம் முழங்க, ஆட்கள் தோளில் தூக்கி ஆட்டிக்கொண்டு வர, அதே தலை தெருமுனையில் திரும்பி என்னைப் பார்த்தது. மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நான் கைவிட்டுப் பார்த்த அதே தலை!

மரம் என்று தெரியும், பயமும் வரும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: மரம் என்று தெரிந்த பிறகும் வருகிற அந்தப் பயம் மனுஷனுக்கு வேண்டியிருக்கிறது. நோய்க்கு முகம் உண்டா? கடனுக்கு உண்டா? சூரனுக்கு முகம் இருக்கிறது. எந்தத் தெரு வழியாக வருவான், எப்போது தலை விழும் என்பதுகூட ஊருக்கே தெரியும். அவனிடம் தைரியமாகப் பயப்படலாம்.

அவனை ஒழித்துக்கட்டவும் நமக்கு மனசு வருவதில்லை. கந்தபுராணத்துச் சூரன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்டவன். கடைசியில் கடல் நடுவே மாமரமாக நின்றபோது வேல் அவனை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி மயில், இன்னொரு பாதி சேவல். முருகனைக் கும்பிடும்போதெல்லாம் பக்கத்தில் அவனும்தான் நிற்கிறான், கவனித்திருக்கிறீர்களா? எங்கள் ஊர்க் கூட்டத்தில் அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி, தலை விழுந்ததும் கேட்டாள்: 'அடுத்த வருஷமும் சூரன் வருவானாப்பா?' வராமல் போய்விடுவானோ என்ற கவலை அந்தக் குரலில்.

கோயில் தூண்களில் யாளி பார்த்திருப்பீர்கள். சிங்க உடம்பு, சிலவற்றுக்கு யானைத் துதிக்கை. சில யாளிகளின் வாய்க்குள் கல்லுருண்டை இருக்கும். உருளும், ஆனால் வெளியே வராது. உயரம் எட்டினால் யாரும் சும்மா போக மாட்டார்கள். பல்லுக்கு நடுவே விரலை விட்டு ஒரு தடவை உருட்டிவிட்டுத்தான் போவார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியைப் பற்றி நிறையச் சொல்ல வந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1933இல் அங்கே ஒரு பெரிய பிராணி இருப்பதாகப் பேச்சு பரவியது. மறு ஆண்டு, நீண்ட கழுத்தோடு ஒரு படம் பத்திரிகையில் வந்தது. அது பொம்மை நீர்மூழ்கியில் தலை ஒட்டி எடுத்த படம் என்று 1994இல் தெரிந்தது. ஏரித் தண்ணீரின் மரபணுத் தடயங்களைச் சோதித்தவர்கள், ஊர்வன எதுவும் இல்லை, விலாங்குதான் ஏராளம் என்று 2019இல் சொன்னார்கள். அப்புறமும் அந்தக் கரையில் கேமராவோடு ஆட்கள் நிற்கிறார்கள். வணக்கம்.