பழைய ராலே: எது அசல்?

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து ராலே கம்பெனியின் பழைய சைக்கிளை வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் காட்டுவது, ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் முத்திரைத் தகட்டைத்தான். "நாட்டிங்ஹாம், இங்கிலாந்துன்னு போட்டிருக்கு சார், அசல் ராலேதானே?" என்பார்கள். அந்தத் தகட்டை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். ஒரு வண்டியில் கழற்றி இன்னொன்றில் அடித்துவிடக்கூடிய பொருள் அது. ஃப்ரேமில் உள்ள ஸ்டிக்கரையும் இப்போது புதிதாக அச்சடித்தே விற்கிறார்கள்.

மாற்றக் கஷ்டமான இடத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி. நாட்டிங்ஹாமில் செய்த ராலேக்களில் பி.பி. கப்பிலும் (பெடல் அச்சு சுழலும் இடத்தில் திருகியிருக்கும் கிண்ணம்), ஃபோர்க்கின் மேல்முனையிலும் அங்குலத்துக்கு 26 மரை இருக்கும். மற்ற இங்கிலாந்து வண்டிகளில் பெரும்பாலும் 24தான். வேறு கம்பெனி ஃப்ரேமுக்கு ராலே வேஷம் போட்டிருந்தால், மரையை அளந்ததுமே தெரிந்துவிடும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ராலே கம்பெனி 1932இல் ஹம்பர் என்ற சைக்கிள் பிராண்டையும் 1943இல் ரட்ஜ் என்ற பிராண்டையும் வாங்கியது. அப்புறம் அந்த வண்டிகளும் அதே தொழிற்சாலையில்தான் உருவாயின. மரையை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. அங்கே செயின் வீலைப் பாருங்கள். ராலேக்கு நாரைத் தலைகள், ரட்ஜுக்குக் கை, ஹம்பருக்குக் குட்டி மனித உருவங்கள். ஆனால் செயின் வீலும் கழற்றக்கூடியதுதானே! ஹம்பரின் உயர்ரக வண்டிகளில் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாயாக இருக்கும். அதைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

மூன்று கியர் வண்டி என்றால் பின்சக்கரத்து ஹப்பைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். உள்ளேயே கியர் வைத்த ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனி ஹப்களில் ஆண்டும் மாதமும் பொறித்திருக்கும். 'ஏ டபிள்யூ' என்ற மாடல் எழுத்துகளோடு 52, 5 என்று இருந்தால் 1952 மே மாதம் செய்தது. "நாற்பதுகளின் வண்டி" என்று விலை சொல்பவரிடம் 64 என்று பொறித்த ஹப் இருந்தால் உடனே அவரைப் பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள். தினமும் ஓட்டிய வண்டிக்குச் சக்கரம் மாற்றியிருப்பார்கள், அது இயல்பு. ஃப்ரேம், ஹப், செயின் வீல், பெயிண்ட் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்பதுதான் கேள்வி. ஃப்ரேம் எண்ணை மட்டும் நம்பி ஆண்டு சொல்லாதீர்கள். ராலேயின் எண் முறை பலமுறை மாறியிருக்கிறது.

பெயிண்ட் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம். பளபளவென்று புதிதாக அடித்த வண்டியைவிட, கீறலோடு நிற்கும் கறுப்பு வண்டிக்குத்தான் நான் அதிக விலை தருவேன். புதுப் பெயிண்ட் பார்க்க அழகு, ஆனால் சாட்சி முழுவதையும் அழித்துவிடும். அப்படிப் புதுப் பெயிண்ட் அடித்த வண்டி வந்தால் பம்பு கிளிப், விளக்கு பிராக்கெட்டுக்கு அடியில் பாருங்கள். மேலோட்டமாக அடித்திருந்தால் பழைய நிறம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

கடைசியாக நம் ஊர்ச் சங்கதி. மேற்கு வங்கத்தின் அசன்சோலில் சென்-ராலே கம்பெனியும் ராலே வண்டிகள் செய்தது. அவை போலி அல்ல, ராலேயோடு கூட்டுச் சேர்ந்து செய்தவை, நன்றாக உழைத்தவை. அதில் 'மேட் இன் இந்தியா' என்பதைச் சுரண்டிவிட்டு இங்கிலாந்து விலை கேட்பதுதான் மோசடி. அசன்சோல் வண்டியை அசன்சோல் வண்டி என்றே சொல்லி விற்பவர் கிடைத்தால், பேரம் அதிகம் பேசாமல் நான் வாங்கிவிடுவேன்.

நன்றி, வணக்கம்.