செகாவ் தனி ஆளாக எடுத்த சகலின் கணக்கெடுப்பு: பத்தாயிரம் பேர், மூன்று மாதம், நம்பலாமா?

அடுத்த கேள்வி. "செகாவ் சகலின் தீவுல பத்தாயிரம் பேரைத் தனியா கணக்கெடுத்தார்னு சொல்றாங்க. மூணு மாசத்துல அது நடக்கிற காரியமா? அந்தக் கணக்கை நம்பலாமா?"

செகாவ் ரஷ்ய எழுத்தாளர், மருத்துவரும்கூட. சகலின், ரஷ்யா தண்டனைக் கைதிகளை அனுப்பி வச்ச தீவு. முதல்ல நாளைப் பார்த்துடுவோம். பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1890 ஜூலை 11ல தீவுல இறங்கினார், அக்டோபர் 13ல கிளம்பினார். மொத்தம் 94 நாள். பத்தாயிரம்னா ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல வருது. காலையில அஞ்சு மணிக்கே எழுந்துடுவேன், படுக்க ரொம்ப நேரமாகும்னு கடிதத்துல எழுதியிருக்கார். ஒரு குடிசைக்குள்ள நுழைஞ்சா ஒரு ஆள் மட்டும் இருக்கமாட்டாங்க. வீட்டுக்காரர், அவரோட பங்காளியா சேர்ந்து பயிர் பண்றவர், கூட வாழுற பெண், வேலையாள், குடியிருக்கிறவர், குழந்தைகள்னு இருப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு அட்டை. அதனால கணக்கு இடிக்கலை. ஏழாயிரத்துக்கும் மேல அட்டைகள் இன்னைக்கும் ரஷ்யாவுல பத்திரமா இருக்கு.

அட்டை எப்படி இருந்ததுங்கிறது முக்கியம். தீவு நிர்வாகி ஜெனரல் கோனோனோவிச் அனுமதி கொடுத்தார், அங்கேயே காவல்துறைக்குச் சொந்தமான சின்ன அச்சகத்துல அடிச்சாங்க. பன்னிரண்டு வரி. ஊர்ப் பெயர், அரசுப் பதிவுப்படி வீட்டு எண். அப்புறம் தகுதி: தண்டனைக் கைதியா, தண்டனை முடிஞ்சு அங்கேயே குடியேறினவரா, விவசாயி ஆனவரா, சுதந்திரமானவரா. பெயரும் வீட்டுக்காரரோட உறவும் ஒரே வரியில. வயசு, மதம், பிறந்த ஊர், தீவுக்கு வந்த ஆண்டு, தொழில், படிப்பு, கல்யாணம், கடைசியா அரசு உதவி வாங்குறாங்களா. ஆணா பெண்ணான்னு தனி வரி கிடையாது. பெண்ணோட அட்டையில சிவப்பு பென்சிலால நீளமா ஒரு கோடு. பின்னாடி கட்டா எண்ணும்போது கோடு கண்ணுல பட்டுடும்.

இப்ப எங்கெல்லாம் பிசகுதுன்னு பாருங்க, கேள்வியோட உயிரே அதுலதான் இருக்கு.

பெயர்லயே சிக்கல். தப்பி ஓடிப் பிடிபட்டவங்க, ஊர் பேர் மறைச்சவங்க பலர் "நெபோம்னியாஷி"ன்னு பதிவாகியிருக்காங்க, "தன் உறவை நினைவில்லாதவன்"னு பொருள். ஒருத்தர் பெயர் பதிவேட்டுல "நாடோடி இவான், 35 வயது". வயசும் பெயரோட ஒட்டிக்கிச்சு, ஆள் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் பெயர்ல 35தான். வயசு கேட்டா, முப்பது இருக்கும், ஐம்பதும் ஆகியிருக்கலாம்னு பதில். தீவுக்கு வந்த ஆண்டு ஒரு மனுஷனோட வாழ்க்கையே உடைஞ்ச ஆண்டு, அதைக்கூடப் பலரால சட்டுன்னு சொல்ல முடியலை.

படிப்பு வரியில அவர் செஞ்ச வேலை எனக்கு ரொம்பப் பெருசாத் தெரியுது. வழக்கமா "எழுதத் தெரியுமா"ன்னுதான் கேப்பாங்க. அவர் "வாசிக்கத் தெரியுமா"ன்னு கேட்டார். அச்செழுத்தை மட்டும் கூட்டிப் படிக்கிற விவசாயி, எழுத வராததால தன்னைப் படிக்காதவன்னே சொல்லிக்குவார். கேள்வியை மாத்தினதும் சரியான பதில் வந்தது. ஒரு மருத்துவர் நோயாளிகிட்ட கேட்டுக் கேட்டுப் பழகின கை அது. கல்யாணத்துலயும் அப்படித்தான்: மணமானவர்னா எங்க மணமானீங்க, ஊர்லயா சகலின்லயான்னும் கேட்டார். மனைவி ரஷ்யாவுல இருப்பா, இங்க வேற ஒரு பெண்ணோட குடித்தனம் நடக்கும். "மணமானவர்"னு மட்டும் எழுதினா அந்த வீட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாது.

வதந்தியும் குறுக்க வந்தது. இவர் வீடு வீடாப் போறதைப் பார்த்து, எல்லாரையும் ரஷ்ய நிலப்பரப்புக்கு மாத்தப் போறாங்க, உதவிப் பணம் வரப்போகுதுன்னு பேச்சு. அப்படி எதிர்பார்க்கிறவங்ககிட்டேருந்து வர்ற பதிலை எவ்வளவு நம்பலாம், நீங்களே யோசிச்சுப் பாருங்க.

செகாவ் இதை மறைக்கவே இல்லை. ஒரே ஆள் மூணு மாசத்துல செஞ்சதை உண்மையில கணக்கெடுப்புன்னே சொல்லக்கூடாது, துல்லியமும் முழுமையும் இருக்காது, ஆனா வேற நல்ல தரவு எங்கயும் இல்லாததால என் எண்களும் உதவலாம்னு அவரே எழுதிட்டார். முக்கிய நோக்கம் முடிவு இல்லை, எண்ணும்போது கிடைக்கிற அனுபவம்தான்னும் சொல்றார். ஆக, மொத்த எண்ணை ஏறக்குறையன்னு எடுத்துக்கங்க. அட்டை ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் நுழைய ஒரு சீட்டு மாதிரி. ஒரு ஊர்ல பத்து வயசுப் பையன்கிட்ட அப்பா பேர் கேட்டார், தெரியலைன்னான். கூட இருக்கிறவர் அம்மாவோட வாழுற ஆளாம். அம்மா விதவையான்னு கேட்டார். ஆமாம், புருஷனாலதான் இங்க வந்தா, அவரை அம்மாவே கொன்னாங்கன்னு பையன் சொன்னான். இதை எந்த வரியில எழுதுவீங்க?

கொழும்பு வழியா ஊர் திரும்பினார், பயணத்துல பிறந்த "கூசெவ்" கதை அந்த டிசம்பர்லயே அச்சாச்சு. இந்த அட்டைகளை வச்சு எழுதின "சகலின் தீவு" புத்தகமா வர 1895 ஆச்சு. வாசிக்கிறவங்க மூணாவது அத்தியாயத்தை முதல்ல படிங்க. என்ன கேட்டார், என்ன பதில் வந்ததுன்னு வரிவரியா அங்க இருக்கு. அதுக்கப்புறம் வர்ற எண்களை எப்படி எடுத்துக்கணும்னு புரியும்.